கிறிஸ்துவை அறிய விரும்பி வேதாகமத்தை முதன்முறையாகத் திறப்பவருக்கு

வேதாகமத்தை வாசியுங்கள் என்று சொல்வோர் பலர். எங்கிருந்து வாசிப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு, புரியாத இடத்தில் என்ன செய்வது, இதற்கெல்லாம் என்ன செலவாகும் என்று நிதானமாக உட்கார்ந்து சொல்பவர் குறைவு. அந்தக் குறையால் நான் நெடுங்காலம் திணறினேன். நீங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தும் வேதத்தைத் தானாக எடுத்து வாசித்திராதவராக இருக்கலாம். இயேசுவின் பெயரைத் தவிர வேறொன்றும் அறியாதவராகவும் இருக்கலாம். இருவருக்கும் வழி ஒன்றுதான் என்பதால், முதல் சில மாதங்களுக்கான படிகளை வரிசையாக எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு வேதாகமம், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் ஆகிய மூன்றும் போதும். விளக்கவுரை நூல்களைத் தொடக்கத்திலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம். மூலத்தை ஒருமுறையேனும் நேராக வாசிக்காமல் விளக்கத்துக்குள் நுழைபவர், பிறருடைய கருத்தையே வேதத்தின் கருத்தாக எடுத்துக்கொள்ள நேரிடும்.

தமிழில் பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலின் நடை கம்பீரமானது, மனப்பாடம் செய்ய ஏற்றது. ஆனால் புதியவருக்கு அதன் நீண்ட வாக்கியங்கள் களைப்பைத் தரக்கூடும். கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் பத்தி பிரித்து, அடிக்குறிப்புகளோடு இன்றைய தமிழில் அமைந்தது. எளிய நடையில் வந்த பிற பதிப்புகளும் உள்ளன. என் யோசனை, புரியும் நடையில் உள்ள ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு, சிக்கலான இடங்களில் மட்டும் இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே. ஐந்து பதிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டால் வாசிப்பு நகராது.

பதிப்புக்குப் பதிப்பு புத்தகங்களின் பெயர் மாறும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் குழப்பம் இராது. ஒன்றில் சங்கீதம் என்றிருப்பது மற்றொன்றில் திருப்பாடல்கள். ரோமர் என்பது உரோமையர். சுவிசேஷம் என்பது நற்செய்தி. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்களும், கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்களும் இருக்கும். இயேசுவின் பிறப்பு முதல் தொடங்கும் பிற்பகுதியான புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்கள் இரண்டிலும் ஒன்றே. நீங்கள் தொடங்கப்போவது அந்த 27-இல்தான் என்பதால், எண்ணிக்கை வேறுபாட்டைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

2. எங்கிருந்து தொடங்குவது

பெரும்பாலோர் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தொடங்குகிறார்கள். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் முற்பகுதியும் கதையோட்டத்தோடு செல்லும். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்குகின்றன. அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலிமுறைகள். புதியவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தப் பகுதிகளுக்கு அவற்றின் இடம் உண்டு. ஆனால் அந்தப் பலிகள் எதை நோக்கிச் சென்றன என்று தெரிந்த பிறகே அவை பேசத் தொடங்கும்.

ஆகவே மாற்கு எழுதின சுவிசேஷத்தில் தொடங்குங்கள். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுவே மிகச் சிறியது, 16 அதிகாரங்கள்தான். முதல்முறை அதை ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். நிறுத்தாமல் வாசித்தால் ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் ஆகும். புரியாத இடத்தில் நிற்காமல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். இந்த முதல் வாசிப்பில், இயேசு என்ன செய்தார், எப்படி இறந்தார், கல்லறையில் என்ன நடந்தது என்பது முழுதாக உங்கள் முன் நின்றால் போதும்.

பிறகு அதே புத்தகத்தை நாளுக்கு அரை அதிகாரமாக, ஏறக்குறைய ஒரு மாதம் வாசியுங்கள். மாற்கு முடிந்ததும் ஒரு வாரத்தில் ஆதியாகமம் 1 முதல் 3 வரை, சங்கீதம் 51, ஏசாயா 53 ஆகியவற்றையும், அடுத்த இரண்டு வாரங்களில் அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் (கடிதத்தின்) முதல் எட்டு அதிகாரங்களையும், அதன்பின் நாளுக்கு ஓர் அதிகாரமாக மூன்று வாரங்களில் யோவான் சுவிசேஷத்தின் 21 அதிகாரங்களையும் வாசியுங்கள். மொத்தம் மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடும். நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். வாரம் முழுவதும் விட்டுவிட்டு ஒரே நாளில் மூன்று மணி நேரம் வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள்.

3. ஒரு பகுதியை எப்படி வாசிப்பது

ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசியுங்கள், ஒருமுறை வாய்விட்டு. பின் குறிப்பேட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இங்கே என்ன நடக்கிறது? நான் எதிர்பாராதது எது? இது இயேசுவைப் பற்றி என்ன சொல்கிறது? "எனக்கு இதில் என்ன இருக்கிறது" என்ற கேள்வியை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கேட்டால் வசனம் நம் விருப்பத்துக்கு வளைந்துவிடும்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களை எடுத்துக்கொள்வோம். கப்பர்நகூமில் ஒரு வீடு. வாசலண்டைகூட இடமில்லாத கூட்டம். உடல் செயலிழந்த திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வழியில்லாததால் மேற்கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவனை இறக்குகிறார்கள். அவர்கள் கேட்க வந்தது என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் இயேசு முதலில் சொல்வது, "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பது.

இரண்டாவது கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. நடக்க முடியாதவனிடம் ஏன் பாவத்தைப் பற்றிப் பேச வேண்டும்? உட்கார்ந்திருந்த வேதபாரகர்களுக்கு (யூதச் சட்ட அறிஞர்களுக்கு) உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுகிறது: தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்? அந்தக் கேள்வி சரியானதே. இயேசு அதைத் தவறென்று சொல்லவில்லை. பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு (இயேசு தம்மைக் குறிக்கும் பெயர்) அதிகாரம் உண்டென்று அவர்கள் அறியும்படி, அந்த மனிதனை எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரிந்த குணமாதல், கண்ணுக்குத் தெரியாத மன்னிப்புக்குச் சான்றாக வைக்கப்படுகிறது.

படுக்கையில் கிடந்தவன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். அவன் மனப்பாடமாக எதையும் ஒப்பிக்கவில்லை, தன் தகுதியை நிரூபிக்கவில்லை. பிறர் சுமந்து வந்தார்கள். இப்படி ஒரு பகுதியில் அரைமணி நேரம் தங்கியிருப்பது, மூன்று அதிகாரங்களைத் தாண்டிச் செல்வதைவிடப் பலன் தரும் என்பதை என் வாசிப்பு முழுவதும் கண்டிருக்கிறேன்.

4. தனி வசனத்தைப் பிய்த்தெடுக்காதீர்கள்

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய நாளுக்கான பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உள்ளது. அதை வளர்த்துக்கொள்ள வேண்டாம். சுவர்ப்படங்களில் அதிகம் காணப்படும் இரண்டு வசனங்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். எரேமியா 29:11-இல் (29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம்) வரும் சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய வாக்கு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் உள்ளது. அதற்கு முந்தைய வசனம் 70 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. பிலிப்பியர் 4:13-இல் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியது கட்டுண்டிருந்த நிலையில். பசியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றி முந்தைய வசனத்தில் பேசிவிட்டுத்தான் அப்படி எழுதுகிறார். பின்னணியோடு வாசித்தால் இவ்விரண்டு வசனங்களும் இன்னும் ஆழமாகின்றன. எந்த வசனத்தையும் அதன் அதிகாரம் முழுவதையும் வாசித்த பிறகே உங்களுக்கென்று எடுத்துக்கொள்வதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. வேதம் உங்களையே வாசிக்க விடுதல்

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது. கிறிஸ்து நல்ல போதகர் என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் கடினமில்லை. அவர் எனக்குத் தேவை என்று சொல்வது கடினம். ஏனெனில் அப்படிச் சொன்னால், நான் என்னைச் சரிசெய்துகொள்ள முடியாதவன் என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ரோமர் நிருபத்தை இதற்காகவே பட்டியலில் வைத்தேன். முதல் அதிகாரத்தின் பிற்பகுதியில் பவுல் மனிதரின் தீமைகளை அடுக்கும்போது, வாசிப்பவர் தலையசைத்து ஒப்புக்கொள்வார். இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அவர் திரும்பி, மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ போக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஏழாம் அதிகாரத்தில் "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதுகிறார். அந்த வரியை வாசித்த நாளில் குறிப்பேட்டில் உங்கள் வாழ்விலிருந்து ஒரே ஒரு நிகழ்வை எழுதுங்கள்: செய்யக் கூடாதென்று உறுதியாகத் தீர்மானித்தும் மறுபடி செய்தது எது? அதைப் பிறருக்குக் காட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, நம்மைவிட மோசமானவரோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைவது. லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் தேவாலயத்தில் நின்ற பரிசேயன் (மதச்சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவன்) சொன்னதில் பொய் இருந்ததாகச் சொல்லப்படவில்லை. அவன் உபவாசித்தான், தசமபாகம் (வருவாயில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தான். ஆனால் தன் பக்கத்தில் நின்றவனை அளவுகோலாக வைத்துக்கொண்டான். தூரத்தில் நின்று, வானத்தை ஏறெடுத்துப் பார்க்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே (வரி வசூலிப்பவனே) நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான்.

இரண்டாவது கண்ணி இதற்கு எதிர்த்திசையில் உள்ளது. எனக்குத் தெரிந்து இதில் சிக்குவோரே அதிகம். "முதலில் நான் திருந்திவிடுகிறேன், அதன்பின் தேவனிடம் வருகிறேன்" என்று ஆண்டுக்கணக்கில் வாசலிலேயே நிற்பது. பணிவைப்போலத் தோன்றினாலும், தகுதியை நானே சம்பாதித்துக்கொள்வேன் என்ற எண்ணமே அதற்குள் இருக்கிறது. ரோமர் 5:8 நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. நாம் திருந்திய பின் என்று அங்கே இல்லை. பிணியாளிகளுக்கே வைத்தியன் வேண்டும் என்று மாற்கு 2:17-இல் இயேசுவும் சொல்கிறார். குற்ற உணர்வால் வாசிப்பை நிறுத்தத் தோன்றும் நாளில் இந்த இரண்டு வசனங்களுக்கும் திரும்புங்கள்.

6. முதல் ஜெபம்

ஜெபத்துக்கு ஆயத்தமான வாய்பாடு தேவையில்லை. அச்சடித்த ஜெபத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். சொல்லத் தெரியவில்லை என்பதற்காக ஜெபிக்காமலும் இருந்துவிடாதீர்கள். வேதத்தில் உள்ள மிகச் சுருக்கமான ஜெபங்களை அப்படியே உங்களுடையதாக்கிக்கொள்ளலாம். ஆயக்காரன் சொன்னது: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." மாற்கு 9-இல் மகனுக்காகக் கதறிய தகப்பன் சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாக்கியத்தில் இருந்தும் இயேசு அந்தத் தகப்பனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை குணமானான்.

வாசித்து முடித்தவுடன் ஐந்து நிமிடம் அமர்ந்து, வாசித்த பகுதியிலிருந்தே பேசத் தொடங்குங்கள். மனம் வறண்டிருந்தால் சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது தொடங்குகிறது. சங்கீதம் 88 ஆறுதலான முடிவின்றி இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபங்களும் வேதத்தில் இடம்பெற்றிருப்பதால், உணர்ச்சி பொங்கவில்லையே என்று உங்கள் ஜெபத்தை நீங்களே தள்ளிவிட வேண்டாம். வேறொருவர் தம் சாட்சியில் சொன்ன அனுபவம் உங்களுக்கு வரவில்லை என்று ஒப்பிட்டுக் கலங்கவும் வேண்டாம்.

7. சந்தேகங்கள் எழும்போது

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைக் கேள்விகளுக்கென ஒதுக்குங்கள். தேதியிட்டு எழுதிவிட்டு வாசிப்பைத் தொடருங்கள். பல கேள்விகளுக்குச் சில வாரங்களில் வேதத்தின் வேறொரு பகுதியே விடை தரும். மீந்தவற்றை விவரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டு செல்லலாம்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் பல பதிப்புகளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அவை இல்லை என்ற குறிப்பும் காணப்படும். அதைக் கண்டு புதியவர் திடுக்கிடுவது இயல்பு. ஆனால் கல்லறை வெறுமையாயிருந்ததும், "அவர் உயிர்த்தெழுந்தார்" என்ற அறிவிப்பும் 8-ஆம் வசனத்துக்கு முன்பே இருக்கின்றன. இத்தகைய குறிப்புகளை மறைக்காமல் அச்சிடும் பதிப்பை நான் அதிகம் நம்புகிறேன்.

யோவான் 20-இல் இயேசுவின் சீஷனான தோமா, உயிர்த்தெழுந்த அவருடைய காயங்களைக் கண்டு தொட்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்றான். எட்டு நாளைக்குப் பின்பு மறுபடியும் சீஷர்கள் கூடியிருந்தபோது அவனும் அவர்களோடிருந்தான். அந்த எட்டு நாளும் ஐயத்தோடிருந்தவனை மற்றவர்கள் வெளியே தள்ளவில்லை. அவனும் விலகிப் போகவில்லை. கேள்வி கேட்டதற்காக உங்களைக் கடிந்துகொள்ளும் இடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, பொறுமையோடு பதில் சொல்லும் ஒருவரைத் தேடுங்கள்.

8. செலவு

வாசிப்பதற்குப் பணம் ஏறக்குறைய தேவையே இல்லை. கைப்பேசிச் செயலிகளில் தமிழ் வேதாகமம் இலவசமாகக் கிடைக்கிறது. பல சபைகள் கேட்பவர்களுக்கு அச்சுப் பிரதியை விலையின்றித் தருகின்றன. கவனம் சிதறாமலிருக்க அச்சுப் பிரதியே நல்லது.

ஜெபத்துக்கோ, ஆசீர்வாதத்துக்கோ, குணமாவதற்கோ யாராவது கட்டணம் கேட்டால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். காணிக்கை என்ற பெயரில் தொகை குறிப்பிட்டு, கொடுத்தால் இவ்வளவு மடங்கு திரும்பும் என்று உறுதி சொன்னாலும் அப்படியே செய்யுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 8-இல் மாயவித்தைக்காரனான சீமோன் பரிசுத்த ஆவியின் வரத்துக்காகப் பணம் கொண்டுவந்தபோது, உன் பணம் உன்னோடே நாசமாய்ப் போகக்கடவது என்று பேதுரு மறுத்தார். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது மத்தேயு 10-இல் சீஷர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. மாற்கு 5-இல் 12 ஆண்டுகள் பெரும்பாடுள்ளவளாயிருந்த (உதிரப்போக்கால் வருந்திய) பெண், தனக்குண்டானதையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்து, குணமடையாமல், கையில் ஒன்றுமில்லாமல் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவளிடம் கேட்கப்பட்டது உண்மை மட்டுமே. அவள் உண்மையையெல்லாம் சொன்னாள். விருப்பத்தோடு பிறருக்குக் கொடுப்பது வேறு. அது பின்னால் நன்றியிலிருந்து வரும்.

மெய்யான செலவு வேறு வகையானது, அதை மறைப்பது நேர்மையாகாது. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-இல் இயேசுவே சொல்கிறார். மன்னிக்க மறுத்துவந்த ஒருவரை மன்னிக்க நேரிடலாம். லாபம் தந்த ஒரு பொய்யை விட்டுவிட நேரிடலாம். நெருங்கியவர்களின் வருத்தத்தைச் சந்திக்க நேரிடலாம். இவற்றையும் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.

9. சபையும் ஞானஸ்நானமும்

மாற்கு சுவிசேஷத்தை இரண்டாம் முறை வாசித்து முடிக்கும் வேளையில் ஒரு சபையைத் தேடத் தொடங்குங்கள். எத்தியோப்பிய மந்திரி ஏசாயா 53-ஐ இரதத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று, அங்கே வந்த சுவிசேஷகனான பிலிப்புவிடம் கேட்டதை அப்போஸ்தலர் 8 சொல்கிறது. தனிமையில் வாசிப்பவருக்கு ஒரு கட்டத்துக்குமேல் இந்தத் துணை தேவைப்படும். சில வாரங்கள் சென்று கவனியுங்கள்: வேதம் பகுதி பகுதியாக விளக்கப்படுகிறதா? கிறிஸ்துவைப் பற்றிப் பேசுகிறார்களா, பேசுபவரைப் பற்றியா? பணக்கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா? பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதை விரும்பாத சபையில் தங்க வேண்டாம்.

விசுவாசிப்பதற்கு எந்த ஆவணமும் வேண்டாம். சபையில் சேர்க்கும் நீர்ச் சடங்கான ஞானஸ்நானத்துக்குச் சபையின் நடைமுறை உண்டு. காலஅளவும் சபைக்குச் சபை வேறுபடும். அந்த எத்தியோப்பிய மந்திரி அன்றே ஞானஸ்நானம் பெற்றார். இன்று சில சபைகள் விசுவாச அறிக்கையைக் கேட்டு விரைவிலேயே கொடுக்கின்றன. வேறு சில முதலில் வகுப்புகள் நடத்துகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பல மாத ஆயத்தத்துக்குப் பின், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அளிக்கப்படுகிறது. ஆயத்த காலம் எவ்வளவு, வகுப்புகள் எவை, பிறந்த தேதிச் சான்றோ வேறு தாள்களோ வேண்டுமா என்பவற்றை முதல் சந்திப்பிலேயே போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டுவிடுங்கள். உங்கள் நாட்டின் சட்டத்தில் மதமாற்றத்துக்கென விதிகள் இருந்தால் அவற்றையும் அப்போதே கேட்டறியுங்கள். ஞானஸ்நானம் சபைப் பதிவேட்டில் எழுதப்பட்டபின் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பெயரும் தேதியும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் சபையில் திருமணம் செய்யவும் வேறு சபைக்கு மாறவும் அது கேட்கப்படும்.

யாரும் உங்களை அவசரப்படுத்தி ஞானஸ்நானத்துக்கு இணங்க வைக்க அனுமதிக்காதீர்கள். தீர்மானம் உங்களுடையது; வாசித்து, ஜெபித்து, செலவைக் கணக்குப் பார்த்த பின் எடுக்க வேண்டியது.

10. மூன்று மாதங்களுக்குப் பின்

புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள் உள்ளன. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக ஓராண்டில் முடியும். மீதி இரண்டு நாட்களும் தவறிய பகுதிகளுக்கு. லூக்காவில் தொடங்கி, அதே ஆசிரியரின் அப்போஸ்தலர் நடபடிகளுக்குச் செல்வது நல்ல வரிசை. இதனோடு நாளுக்கு ஒரு சங்கீதம் சேர்த்தால் 150-உம் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று வரும். 176 வசனங்கள் கொண்ட 119-ஐ மட்டும் பல நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லேவியராகமத்துக்கு எபிரெயர் நிருபத்தை வாசித்து முடித்தவுடன் திரும்புங்கள். முதலில் மூடிவைக்கத் தோன்றிய அந்தப் பலிகள் எதற்காக அத்தனை விவரமாக எழுதப்பட்டன என்பது அந்த நிருபத்தின் 9, 10-ஆம் அதிகாரங்களுக்குப் பின் விளங்கத் தொடங்கும்.